படிக்கட்டில் ஒரு ஜாஸ் நேரலை

பல் மருத்துவமனைச் செவிலியரான அவர், சனிக்கிழமைகளில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காம் மாடியிலிருந்த சமூக வானொலியில் ஜாஸ் நிகழ்ச்சி நடத்தினார். உள்ளூர் மாணவர் குழுக்கள் அதில் நேரலையாக வாசிக்கும். அன்று லிஃப்ட் பழுது. ஒரு குழுவின் ஆளுயரத் தந்தி வாத்தியமான டபுள் பேஸ் இரண்டாம் மாடித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது.

"அண்ணி, பேசாம ரெக்கார்டு போட்டுடலாம்" என்றார் ஒலிப்பதிவு பார்த்த கொழுந்தன்.

"பசங்க வாசிக்கத்தானே வந்திருக்காங்க? வாத்தியம் மேல வராட்டி மைக் கீழ போகட்டும்."

இருந்த வயர்களையெல்லாம் இணைத்து இறக்கினார்கள். டபுள் பேஸ் முழங்கியதும் வீட்டுக் கதவுகள் திறந்தன. திட்டு விழப்போகிறது என்றே செவிலியர் நினைத்தார். ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை. வந்தவர்களோ நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

முடிந்ததும் இரண்டாம் மாடிக்காரர், "அடுத்த வாரமும் இங்கதானே?" என்றார்.

"இங்கதான். இன்னும் ரெண்டு நாற்காலி சேர்த்துப் போடுங்க."