கோழிக்கடையில் கருடன்

அறுப்புக் கத்தி சாணை பிடிக்கப் போயிருந்ததால்தான் நான் பட்சி வைத்தியன் ஆனேன். கருணை, ஜீவகாருண்யம் என்றெல்லாம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கத்தி கையில் இருந்திருந்தால் கதை அன்றைக்கே குழம்பில் முடிந்திருக்கும்.

என் பெயர் அசன் முகம்மது. வீடு ராஜபாளையம், பிழைப்பு ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் கோழிக்கடை. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சீக்கு வந்த கோழியோ, அடிபட்ட காடையோ, உயிர் போவதற்குள் தூக்கிக்கொண்டு பாய் கடைக்கு ஓடி வருவார்கள். தானாகச் செத்தால் யாரும் தின்னமாட்டார்கள், அறுத்துவிட்டால் கறி. எண்பத்தாறோ எண்பத்தேழோ, செட்டியார்பட்டி பொன்னுராஜ் அப்படித்தான் ஒரு கொக்கைத் துண்டில் சுருட்டிக்கொண்டு வந்தார்.

"பாய், சீக்கிரம் அறுத்துக் குடுங்க. கண்ணு சொருகுது."

"கத்தி சாணைக்குப் போயிருக்கு. செத்த நேரம் உக்காருங்க" என்றேன். அதற்குள் செத்துத் தொலைத்தால் என்னைத்தானே திட்டுவார் என்று, கொக்கின் வாயில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு நிழலில் வைத்தேன். கத்தி வருவதற்குள் கொக்குக்குத் தெளிந்துவிட்டது. எழுந்து நின்றது, பொன்னுராஜின் புறங்கையில் ஒரு கொத்து கொத்தியது, பறந்தே போய்விட்டது.

"ஏலே, என் கறி போச்சே!" என்று அவர் போட்ட கூப்பாட்டில் கடைத்தெருவே கூடிவிட்டது. மறுநாள் முதல், செத்த கொக்கைப் பிழைக்க வைத்த பாய் நான்தான்.

புகழ் யாரை விட்டது? அடிபட்ட மைனா, சிறகொடிந்த புறா எல்லாம் என் கடைக்கு வர ஆரம்பித்தன. காலையில் அறுப்பு, சாயங்காலம் கட்டு. ஒரு தடவை கோபுரத்திலிருந்து விழுந்த உழவாரக் குருவி ஒன்று வந்தது. நிற்க முடியாமல் தரையோடு கிடந்ததைப் பார்த்து, கால் ஒடிந்திருக்கிறது என்று ஈர்க்குச்சி வைத்து இரண்டு காலுக்கும் அழகாகக் கட்டுப் போட்டேன். அந்தக் குருவிக்குக் காலே அம்புட்டுத்தான், அது தரையில் நிற்கிற ஜாதியே இல்லை, கையில் வைத்து உயரத் தூக்கிவிட்டால் போதும் என்று பிறகுதான் தெரிந்தது. கட்டை அவிழ்த்துத் தூக்கிவிட்டதும் பறந்தது. என் வைத்தியத்தைத் தாண்டியும் பிழைத்த குருவி அது.

"கோழிக்காலப் பாத்துப் பாத்து உங்களுக்கு எல்லாம் லெக் பீஸாத்தான் தெரியுது" என்றாள் என் மனைவி மெகராஜ் பேகம். அவள் வாய்க்கு ஈர்க்குச்சிக் கட்டுப் போட முடியாது.

தொண்ணூற்று ஒன்றாம் வருஷத்துக் கோடையில்தான் நான் வசமாக மாட்டினேன். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்த யதிராஜன் சாமி வீட்டு மொட்டைமாடியில், வடாம் காய்ந்துகொண்டிருந்த வேட்டி மேல், ஒரு கருடன் வந்து விழுந்தது. வெள்ளைத் தலை, செங்கல் நிறச் சிறகு. காற்றாடி விடுகிற மாஞ்சா நூல் இடது சிறகை அறுத்திருந்தது. பெருமாளுடைய வாகனம் வாசல் தேடி வந்து விழுந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியுமா? சாமியும் அவர் வீட்டம்மா சௌந்தரவல்லியும் பாலும் பழமும் வைத்துப் பார்த்தார்கள். கருடன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாமி அதை வடாம் வேட்டியோடு தூக்கிக்கொண்டு என் கடை வாசலில் வந்து நின்றார். சௌந்தரவல்லி அம்மா இரண்டு கடை தள்ளி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"பாய், இது மாமிசம் இல்லாம பிழைக்காது. எங்காத்துல அதைப் போட முடியுமோ? நீங்கதான் காப்பாத்தணும். ஒரு வேண்டுகோள், இதைச் சாமின்னுதான் கூப்பிடணும்."

"அதுக்கென்ன சாமி, கூப்பிட்டாப் போச்சு" என்று நெஞ்சை நிமிர்த்தி வாங்கிக்கொண்டேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

மெகராஜுக்குச் சேதி போய், அடுத்த பஸ்ஸில் ராஜபாளையத்திலிருந்து வந்து இறங்கினாள். இந்தத் தடவை அவள் கேலி செய்யவில்லை.

"என்னங்க, புத்தி இருக்கா? இது கொக்கும் குருவியும் இல்ல. நாளைக்கு இது மௌத்தாப் போச்சுன்னா, கோழிக்கடை பாய் கருடனக் கொன்னுட்டான்னுதான ஊரு பேசும்? பொறவு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க கடை நடத்துவீங்க?"

வாங்கிய பிறகுதான் இது தோன்றுகிறது, எனக்கு மூளை எப்போதும் பின்னால் வருகிற வண்டியில்தான் வரும். திருப்பிக் கொடுத்தால் பட்டினியில் சாகும், என்னிடம் செத்தால் நான் செத்தேன். ஆக, அது பிழைத்தே ஆகவேண்டும்.

மாட்டு டாக்டர் தையல் போட்டுச் சிறகைக் கட்டிக்கொடுத்தார். "அளவாக் குடுங்க பாய். கட்டுப் பிரிச்சதும் தினமும் சிறக அடிச்சுப் பழகட்டும்" என்றார். கோழிக்கூண்டுகளுக்கு மேலே ஒரு பெரிய கூண்டில் கருடன் குடியேறியது. நான் அதற்கு ஈரல், ஈரலுக்கு மேல் ஈரல் என்று கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கருட தரிசனத்துக்கு விசேஷமான நாள், கோழி வியாபாரத்துக்கும் அதுதான் விசேஷமான நாள். ஒரே வாசலில் இரண்டு கூட்டம். ஒரு கூட்டம் கூண்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது, இன்னொரு கூட்டம் முழுக்கோழியா அரைக்கோழியா என்று கேட்டது. கறி வாங்க வந்தவர்கள் தெரிந்த முகத்தைக் கண்டதும் பையை மடித்து இடுப்பில் செருகிவிட்டு, தரிசனத்துக்கு வந்ததுபோலக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வியாபாரம் படுத்துவிட்டது.

என் தொழிலில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கூண்டிலிருந்து கோழியை எடுக்கும்போது அதட்டமாட்டேன். "வா ராசாத்தி, வா கண்ணு" என்று கொஞ்சித்தான் எடுப்பேன். மிரண்ட கோழி சிறகை அடித்துக்கொண்டு கூண்டையே கலக்கிவிடும், அதற்காகத்தான். நான் அப்படிக் கொஞ்சும்போதெல்லாம் மேலே கருடன் சிறகை ஒடுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும். பாவம், கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

காயம் ஆறியது. டாக்டர் வந்து கட்டைப் பிரித்தார். காலில் நீளக் கயிறு கட்டிக் கடை மொட்டைமாடியில் விட்டோம். கருடன் கைப்பிடிச் சுவரிலிருந்து எம்பியது, தேங்காய் விழுந்ததுபோலத் தொப்பென்று விழுந்தது. டாக்டர் அதைத் தூக்கிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன பாய், கறிக்கா வளக்கீங்க?"

இத்தனை வருஷமாக எடை கூடினால் சந்தோஷப்பட்டே பழகிய கை. பெருமாள் வாகனத்தையும் பிராய்லர் ஆக்கிவிட்டேன். அன்றிலிருந்து ஈரல் கிடையாது, முள்ளோடு சின்ன மீன்தான். தினமும் வெயில் தாழ மாடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் அதனோடு ஓடினேன். அது இளைத்ததைவிட நான் இளைத்தது அதிகம். சுவருக்குச் சுவர் பறந்ததே தவிர, உயரே போக அதற்கு மனசே வரவில்லை. டாக்டர் கடைசியாகச் சொன்னார்: "தண்ணியும் மலையும் இருக்கிற இடத்துல கொண்டுபோய் விடுங்க. அங்கயும் போகலைன்னா ஆயுசுக்கும் கூண்டுதான்."

பிளவக்கல் அணைக்குக் கிளம்பினோம். நான், மெகராஜ், சாமி, சௌந்தரவல்லி அம்மா, நடுவில் கோழிக்கூடைக்குள் கருடன். பஸ்ஸில் கண்டக்டர், "பாய், கோழிக்கு லக்கேஜ் போடணும்" என்றார்.

"கோழி இல்ல, கருடன்."

"யாருகிட்ட விடுதீக?" என்று மூடியைத் தூக்கிப் பார்த்தவர், டிக்கெட் பையோடு கன்னத்தில் போட்டுக்கொண்டு லக்கேஜ் போடாமலே முன்னால் போய்விட்டார்.

அணைக்கரையில் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு கருடனை வெளியே எடுத்தேன். எதிரே தண்ணீர், அதற்கு அப்பால் மலை. "போங்க சாமி" என்றேன். போகவில்லை. கையை உயர்த்தினேன், ஆட்டினேன். சாக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. யதிராஜன் சாமி கண்ணை மூடிக் கைகூப்பினார். சௌந்தரவல்லி அம்மா தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. மெகராஜ் என் பக்கத்தில் வந்து, "அல்லா, இது போயிரணும்" என்று முணுமுணுத்தாள்.

ஊர் என்ன பேசும் என்கிற பயமெல்லாம் எங்கோ போய்விட்டது. இம்புட்டு ஆகாசத்தை எதிரே வைத்துக்கொண்டு இது ஆயுசுக்கும் என் கோழிக்கூண்டுக்குத் திரும்பி வரவேண்டுமா என்ற துக்கம்தான் பொங்கியது. அதன் தலையை மெல்லத் தடவினேன். அதன் மேல் இருந்த பிரியமெல்லாம் வாயில் தானாக வந்தது.

"வா ராசாத்தி… வா கண்ணு…"

கருடன் விலுக்கென்று தலையைத் திருப்பி என் முகத்தை ஒரு தடவை பார்த்தது. அடுத்த நொடி என் கையில் சாக்கு மட்டும் இருந்தது. தண்ணீருக்கு மேல் தாழப் பாய்ந்து, எழும்பி, மலையை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. அப்படி ஒரு வேகத்தை நான் கண்டதில்லை. திரும்பிப் பார்க்கவே இல்லை.

"கோவிந்தா! கோவிந்தா!" என்று சாமி குதித்தார். சௌந்தரவல்லி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூக்கைப் பொத்தாமல், முதல் தடவையாக என் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன மந்திரம் சொன்னேள் பாய்?"

எந்தச் சொல்லைச் சொல்லி நான் எடுத்த கோழி எதுவும் கூண்டுக்குத் திரும்பி வந்ததில்லையோ, அந்தச் சொல்லை அது மேலே உட்கார்ந்து ஒரு கோடை முழுக்கக் கேட்டிருக்கிறது. "ஒரு துஆ மாதிரிம்மா, எங்க பிரார்த்தனை" என்று சமாளித்தேன். விஷயம் புரிந்த மெகராஜ், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வத்திராயிருப்பு வரைக்கும் பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

மறுநாள் காலை கடையைத் திறந்து கூண்டுக்குள் கை விட்டேன். 'வா' வந்தது, மற்றது வரவில்லை. அன்றிலிருந்து நான் வாயை மூடிக்கொண்டுதான் கோழியை எடுக்கிறேன். அவை சிறகை அடிக்கின்றன, கூண்டு கலங்குகிறது, கையெல்லாம் கீறல். இருக்கட்டும், அவற்றுக்கும் தெரியத்தானே வேண்டும்.

ஒரே ஒரு தடவை, வீட்டில் ஏதோ நினைப்பில், "வா ராசாத்தி, சாப்பிடலாம்" என்று மெகராஜைக் கூப்பிட்டுவிட்டேன். கையிலிருந்த சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு, மொட்டைமாடிக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.