அடித்துவிடச் சொன்ன வரி

போன மாதம் எங்கள் வீட்டை மகள் பெயருக்கு மாற்றப் பதிவு அலுவலகம் போயிருந்தேன். கண்ணாடித் தகட்டில் விரலை வைக்கச் சொன்னார்கள், வைத்தேன், எடுத்தேன். விரலில் கறையே இல்லை. வேலை பாதியில் நின்றுபோன மாதிரி இருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் கொல்லிமலை அடிவாரத்துப் பதிவு அலுவலகத்தில் நான் குமாஸ்தா. அப்போதெல்லாம் உண்ணும் சோற்றில்கூட ரேகை மையின் வாசம் அடிக்கும்.

அந்த மைப்பெட்டியை மலைக்கும் தூக்கிப் போயிருக்கிறேன். நடக்க முடியாதவர்களுக்கு அதிகாரியே வீடு தேடிப் போய்ப் பதிவு செய்து தரலாம். மலைமேல் குண்டூர் நாடு என்ற ஊர்ப்பகுதியில் செம்பன் என்ற பெரியவர் அப்படிக் கேட்டிருந்தார். பஸ் கிடையாது. ஐம்பதைத் தாண்டிய சார்பதிவாளர் மூச்சு வாங்காமல் ஏறினார். புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்த நான்தான் வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து போனேன்.

செம்பன் இடுப்பு ஒடிந்து கட்டிலில் கிடந்தார். மகன் இறந்துவிட்டான். பிள்ளையில்லாத மருமகள் வெள்ளையம்மாதான் அவரைப் பார்த்துக்கொண்டாள். சாமை வயலையும் மிளகுத் தோட்டத்தையும் அவளுக்கு எழுதிவைக்க நினைத்தார். அடிவாரத்துக்கு வந்து பத்திரம் எழுதி வாங்கிப் போனவன் அவருடைய அண்ணன் மகன் சடையன்.

அதிகாரி பத்திரத்தை உரக்க வாசித்தார். 'மறுமணம் செய்யாத காலம்வரை அனுபவித்து, பிறகு சடையனைச் சேர வேண்டியது' என்ற இடத்தில் பெரியவர் கையைத் தூக்கினார்.

“நிறுத்துங்க சாமி. அதை நான் சொல்லலீங்க.”

“எல்லாப் பத்திரத்துலயும் அப்படித்தானுங்க எழுதுவாங்க,” என்றான் சடையன். “நாளைக்கு இவ வேறொருத்தன் ஊட்டுக்குப் போயிட்டா நம்ம நெலம் என்னாகறது சித்தப்பா?”

“போனா போகட்டும். சின்ன வயசு. நெலத்தக் காட்டி அவளக் கட்டிப்போடச் சொல்றயா?”

அடுப்படியிலிருந்து வெள்ளையம்மா வந்தாள். “எனக்கு நெலமே வேண்டாங்க மாமா.”

“நீ சும்மா இரு கண்ணு.”

அதிகாரி எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுப் பெரியவரிடம் தனியாக மறுபடி கேட்டார். பதில் மாறவில்லை. நான் அந்த வரியை அடித்து, பக்கத்திலேயே அவருடைய பெருவிரல் ரேகையை வாங்கினேன். என் அவசரத்தில் அது கலைந்துவிட்டது. இன்னொன்று வாங்கச் சொன்னார் அதிகாரி. சடையன் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டிருந்தான்.

மறு வருஷம் சந்தையில் வெள்ளையம்மாவைப் பார்த்தேன். மிளகு மூட்டையோடு ஒருவர் அவள் பக்கத்தில் நின்றார். பெரியவர் தவறிவிட்டாராம்.

“மாமா இருக்கறப்பவே இவரக் கட்டிக்கிட்டனுங்க. நான் எங்கயும் போகலீங்க, இவருதான் எங்க ஊட்டுக்கு வந்துட்டாரு,” என்றாள்.

இப்போது மலைக்குப் பஸ் போகிறது. நாங்கள் ஏறிய ஒற்றையடிப் பாதையைப் புதர் மூடிவிட்டது. பத்திரத்தை உரக்க வாசித்துவிட்டு, எதிரில் இருப்பவர் ஏதாவது சொல்கிறாரா என்று அதிகாரி காத்திருப்பாரே, அந்தச் சிறிது நேரமும் இப்போது இல்லை.