எத்தினை பேர் வந்திருக்கினம்?

குணசீலன் அண்ணை காலமான செய்தி எனக்கு ரயிலில் வைத்துத்தான் கிடைத்தது. பெர்லினிலிருந்து டோர்ட்மண்ட் மருத்துவமனைக்கு அவரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். ஹம் நிலையத்துக்குச் சற்று முன்னால் ரயில் காரணம் சொல்லாமல் வயல்வெளியில் நின்றது. அப்போதுதான் அவருடைய மனைவி ராணி அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணை போயிட்டார் தங்கச்சி."

"ஆர் ஆர் அக்கா பக்கத்திலை நிண்டவை?" என்றுதான் கேட்டேன்.

அவர் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். ரயில் புறப்பட்டு, ஹம் வந்து, கதவும் திறந்துவிட்டது. பெயர்கள் முடியவில்லை. "அப்பாடா" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. சாவுச் செய்தி கேட்டு அப்பாடா என்கிறவள் என்ன மனுசி என்று நினைப்பீர்கள். நினைத்தால் நினையுங்கள். அவர் தனியே போய்விடக் கூடாது என்பதுதான் கடைசி மாதங்களில் எனக்கிருந்த ஒரே பயம். அவரைத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் அவரை முதலில் கண்டது ஜெர்மனியில் ஒரு சிறிய விமான நிலைய மண்டபத்தில். என் தம்பி லண்டனுக்குப் படிக்கப் போனான். அவனை அனுப்ப நாங்கள் பதினொரு பேர் போயிருந்தோம். சீருடை போட்ட தமிழர் ஒருவர் நேரே எங்களிடம் வந்தார். கூட்டம் போடாதீர்கள் என்று ஏசப் போகிறார் என்று நினைத்து அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்.

"எத்தினை பேர் வந்திருக்கினம்?" என்று கேட்டார் அவர்.

"பதினொண்டு."

"அவ்வளவுதானோ? மிச்ச ஆக்கள் எங்கை?"

அந்த நிலையத்தில் அவர் நிலம் துடைத்திருக்கிறார், பொதி ஏற்றியிருக்கிறார், பிறகு மண்டபப் பொறுப்பாளராகவும் ஆகியிருக்கிறார். பல வருடங்கள் கழித்து, சிறிய விமான நிலையங்களின் சங்கமொன்றில் நான் சட்டத்தரணியாகச் சேர்ந்தபோது, பக்கத்து மேசையில் அதே மனிதர் இருந்தார். மத்திய அரசு விமானப் போக்குவரத்துக்கென ஒரு சட்டமூலம் கொண்டுவந்தால், அது எங்கள் நிலையங்களை எப்படிப் பாதிக்கும் என்று பாராளுமன்ற உறுப்பினர்களிடம் எடுத்துச் சொல்வதுதான் எங்கள் வேலை. நான் எழுதுவேன், அவர் பேசுவார். கால் வலிக்க மண்டபத்தில் நின்றவர் பேசினால்தான் உறுப்பினர்கள் கைபேசியைக் கீழே வைப்பார்கள் என்று எங்கள் தலைவர் நம்பினார். அந்த நம்பிக்கை சரியாகத்தான் இருந்தது, நான் எழுதிக் கொடுத்ததை அவர் ஒருநாளும் முழுதாக வாசிக்கவில்லை என்பதைத் தவிர. இதற்காக நாங்கள் பிடித்த சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல.

ஒருமுறை பாதுகாப்புச் சட்டமூலமொன்றின் வரைவு எங்களிடம் வந்தது. பயணச்சீட்டு வைத்திருப்பவர் மட்டுமே இனி விமான நிலைய மண்டபத்துக்குள் வரலாம், வழியனுப்ப வருகிறவர்கள் வாசலோடு நிற்க வேண்டும் என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. நான் பதினொரு பக்கத்தில் அறிக்கை எழுதினேன். வாசலில் வரிசை நீளும், சிறிய நிலையங்களில் சோதனைக்கு இடமில்லை, கட்டடம் மாற்ற வேண்டும் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. அண்ணை அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதிலை ஆக்கள் இல்லையே தங்கச்சி," என்றார்.

"இது பாராளுமன்றக் குழு அண்ணை. அங்கை போய்க் கலியாண வீட்டுக் கதை சொல்லப் போறியளோ?"

"ஓம்," என்றார். கோபத்தில் அன்று நான் அவரோடு கோப்பி குடிக்கவில்லை.

குழுவின் முன் அவர் பாதி அறிக்கையை வாசித்திருப்பார். அந்தச் சட்டமூலத்துக்குப் பொறுப்பான உறுப்பினர், கண்டிப்பான ஒரு அம்மையார், இடைமறித்தார். பயணம் செய்யாத ஒருவருக்கு மண்டபத்துக்குள் என்ன வேலை என்று கேட்டார். என் பதினொரு பக்கத்திலும் அதற்குப் பதில் இல்லை. அண்ணை கோப்பை மூடிவிட்டு, நிதானமான ஜெர்மனில் பேசினார். எனக்கு நினைவிருக்கிறபடி தமிழில் தருகிறேன்.

"இருபத்திரண்டு வயதில் கொழும்பிலிருந்து புறப்பட்டேன். அனுப்பிய ஏஜென்சிக்காரர், வீட்டார் ஒருவரும் வரக்கூடாது என்றார். அழுதால், திரும்பி வராத பயணம் என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம் வரும். அம்மா வீட்டிலேயே நின்றுவிட்டார். உள்ளே போக முன்னர் மூன்று தரம் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை என்று தெரிந்தும் பார்த்தேன். எனக்கு முன்னால் போனவருக்கு ஒரு குடும்பமே கையசைத்தது. அதில் ஒரு அம்மா, பார்வை மங்கலோ என்னவோ, ஆள் மாறி எனக்கும் கையசைத்தார். அந்த ஒரு கையோடுதான் இங்கே வந்து சேர்ந்தேன்."

பெற்ற தாயை அவர் பிறகு காணவேயில்லை. அதை அவர் குழுவில் சொல்லவில்லை, எனக்கும் ராணி அக்காதான் சொன்னார். நான் குனிந்து அறிக்கையைப் பார்க்கிற மாதிரி இருந்தேன். உறுப்பினர் அம்மையார் மட்டும் அசையவில்லை. "நேரில் வந்து பார்க்கிறேன்," என்றார்.

ஹம்மில் தொழிற்சாலையில் வேலை செய்கிற பாலன் அண்ணையின் மகள், கலியாணம் முடித்து லண்டனுக்குக் குடிபோக இருந்தாள். குணசீலன் அண்ணை அவருக்குத் தொலைபேசி எடுத்தார். "பாராளுமன்றத்திலையிருந்து ஒரு அம்மா வாறா. நீங்கள் வழமைபோல வாங்கோ." அவ்வளவுதான் சொன்னார். ஏன் வருகிறார் என்று சொல்லவில்லை. எங்கள் சனத்துக்கு அதைச் சொல்லாமல் விடலாமா?

அன்று விமான நிலைய மண்டபத்தில் பெண் பிள்ளை ஒரு பெட்டியோடு, அரச அலுவலகத்தில் நேரம் குறித்த டெர்மினுக்கு வந்தவள்போல, கடவுச்சீட்டைக் கையில் பிடித்தபடி விறைப்பாக நின்றாள். பக்கத்தில் கோட் போட்ட பாலன் அண்ணை. வேறு ஒரு குஞ்சு குருமனும் இல்லை.

அம்மையார் மணிக்கூட்டைப் பார்த்தார். "ஆக, ஒருவர்தான் கூட வந்திருக்கிறார்," என்றார். எங்கள் வழக்கு அந்த இடத்திலேயே முடிந்தது என்று நினைத்தேன். அண்ணையின் முகம் கறுத்துவிட்டது.

"மிச்ச ஆக்கள் எங்கை?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் கேட்டார்.

பாலன் அண்ணை குரலைத் தாழ்த்தினார். "நிக்கினம் அண்ணை. கார் விடுற கட்டிடத்திலை, ரண்டாம் மாடியிலை. பெரிய ஆள் வாற இடத்திலை கும்பலாய் நிண்டு மானத்தை வாங்கக் கூடாதெல்லோ? ஒருத்தரும் வெளியிலை தலை காட்டக் கூடாதெண்டு சொல்லிப்போட்டன்."

என்ன பேசுகிறார்கள் என்று அம்மையார் கேட்டார். நான் எதையாவது சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தேன். அண்ணை முந்திக்கொண்டார். "உங்களுக்கு மரியாதையாக மற்றவர்கள் ஒளிந்து நிற்கிறார்கள்," என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். அம்மையார் விடுவிடென்று அந்தக் கட்டடத்துக்கு நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

கார்களுக்கு நடுவே முப்பத்துநான்கு பேர் நின்றார்கள். பட்டுச்சேலைகள், பொரித்த ரோல்ஸ் பலகாரம் வைத்த தகரப்பேணிகள், தூங்கிப்போன குழந்தைகள். பெண்ணின் தாய் காரின் பின் இருக்கையில் இருந்து, பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்க ஏலாமல் போச்சே என்று தேம்பிக்கொண்டிருந்தார்.

அம்மையார் கார்களுக்கு நடுவே நடந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். குணசீலன் அண்ணைதான் சொன்னார்: "சட்டம் வந்தால் இப்படித்தான் இருக்கும்."

பிறகு எல்லாரையும் மண்டபத்துக்குள் கூட்டி வந்தோம். தாய் ஓடிப்போய் மகளைக் கட்டிப்பிடித்த பிடியில் அவளுக்கு விமானம் தவறிவிடும் போலிருந்தது. உறுப்பினர் அம்மையாரின் கையில் யாரோ ஒரு ரோல்ஸைத் திணித்துவிட்டார்கள். அவரும் சாப்பிட்டார்.

அந்தப் பிரிவு சட்டமூலத்திலிருந்து நீக்கப்பட்ட நாளில், அண்ணை பாராளுமன்றத்து நடைவழியில் ஒரு வாங்கில் பொத்தென்று அமர்ந்து, "அப்பாடா!" என்றார். "இனி ஒருத்தரும் திரும்பிப் பாத்து ஏமாற மாட்டினம் தங்கச்சி." நான் அவரோடு இரண்டு கோப்பி குடித்தேன்.

அதற்குப் பிறகுதான் அவரைக் கட்டிலில் விழுத்திய அந்தப் பொல்லாத வருத்தம் வந்தது. நோவைப் பற்றி அவர் முறைப்பட்டு நான் கேட்டதில்லை. ஒரே ஒருநாள் மட்டும், "சாகப் பயமில்லை. அண்டைக்குக் கொழும்பிலைபோல, திரும்பிப் பாக்கேக்கை ஒருத்தரும் இல்லாட்டில்தான்…" என்று நிறுத்தினார். அந்த வார்டில் ஒரு நேரத்தில் இரண்டு பேருக்குத்தான் அனுமதி. அந்த விதியை எதிர்த்து எந்தக் குழுவுக்கு நான் அறிக்கை எழுதுவது?

மருத்துவமனை வாசலில் ராணி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார். காலையிலிருந்தே ஆட்கள் வந்தபடி இருந்தார்களாம். இரண்டு இரண்டு பேராக மேலே போய் வர, மற்றவர்கள் கீழே கார்த் தரிப்பிடத்தில் நின்றார்கள். அண்ணை கண் விழித்து, "எத்தினை பேர் வந்திருக்கினம்?" என்று கேட்டிருக்கிறார்.

"எண்ண ஏலாது," என்றாராம் அக்கா.

தாதி ஒருவர் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பித் தலைமாட்டை உயர்த்தினார். கீழே நின்ற அத்தனை பேரும் கையசைத்தார்கள். அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி. நான் போட்டு வாறன்," என்று சொன்னாராம். போய் வருகிறேன் என்று கொழும்பில் சொல்ல ஆளில்லாமல் விழுங்கிய சொல்லை அவர் அன்று சொல்லிவிட்டார். இதற்கு நான் அப்பாடா என்று சொல்லாமல் வேறு என்ன சொல்ல?

நான் போனபோது தரிப்பிடத்தில் இன்னும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. விமானம் எழும்பிக் கண்ணுக்கு மறையும்வரை நின்று பார்க்கிற சனம் அல்லவா? லண்டனிலிருந்து வந்திருந்த பாலன் அண்ணையின் மகள், பேணியைத் திறந்து எனக்கு ஒரு ரோல்ஸ் தந்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தேன். மூன்றாம் மாடியில் அண்ணையின் அறை ஜன்னலில் திரை மூடியிருந்தது. இருந்தாலும் கையை உயர்த்தி அசைத்தேன்.

போட்டு வாங்கோ அண்ணை. நானும் வந்திட்டன்.