தானாகச் சாப்பிடாத ராணி

போன செவ்வாய்க்கிழமை எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி மேசையில் ஒரு எறும்பு ராணி சாகக் கிடந்தாள். மருந்து கட்டுகிற டிரஸ்ஸர் நான் எறும்புக்கு வைத்தியம் பார்ப்பதா என்று கேட்காதீர்கள். நோயாளிகளைப் பார்த்துவிட்டுத்தான் இதைப் பார்க்கிறேன். இதே பத்தியில் கொசுவைப் பற்றி எழுதியதற்கே என்னைத் திட்டியவர்கள் நீங்கள்.

தப்பு என்னுடையது. இங்கே ரெங்கத்தில் மழை விட்ட ஒரு காலையில், கட்டெறும்புப் புற்று வாசலில் அவளைப் பிடித்தேன். இறகு உதிர்த்த ராணி. வழக்கம்போல ஈரப்பஞ்சு வைத்த சீசாவில் தனியாக அடைத்தேன். மற்ற ராணிகளுக்கு அது போதும் — இருட்டில் முட்டையிட்டு, தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்தே முதல் குஞ்சுகளை வளர்த்துவிடும். இவள் ஒரு முட்டைகூட இடவில்லை. தேன் நீரையும் தொடவில்லை.

கண் இருந்தும் நான் பார்க்கவில்லை. ராணி என்றால் வயிறு பெருத்திருக்கும். இவளுக்கோ சிறுத்த வயிறு, எண்ணெய் தடவியது போல மினுமினுப்பு. குழி தோண்டாமல் பட்டப்பகலில் அடுத்தவர் வாசலில் சுற்றியபோதே தெரிந்திருக்க வேண்டாமா? ஒட்டுண்ணி. வேறு எறும்பின் புற்றில் நுழைந்து, அங்குள்ள ராணியைத் தீர்த்துவிட்டு, அந்த வேலைக்கார எறும்புகள் வாயில் ஊட்டினால் மட்டுமே சாப்பிடுகிற இனம்.

சரி என்று நாலு கட்டெறும்புகளை உள்ளே விட்டேன். அது இரண்டாவது மடத்தனம். பாய்ந்து கவ்வின. பிரித்தெடுப்பதற்குள் அவளுக்கு ஒரு கால் போயிற்று.

சேதி பரவியது. பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூடப் பிழைக்குமா என்று கேட்கவில்லை. இவள் யாரைப் போல என்றுதான் பேச்சு. என் மனைவி என் அண்ணியின் பெயரைச் சொன்னாள். “அட, நம்ம கடைக்காரரு” என்றார் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர். ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள்... எனக்கு எரிச்சல்தான் வந்தது.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியார் கழுத்தில் கட்டியோடு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கட்டி இன்னும் பழுக்கவில்லை. ஒத்தடத் துணி வைத்து உட்காரச் சொன்னேன்.

“ஓய் டிரஸ்ஸர், உமக்கு விசரே? அடுத்தவன் வீட்டைப் பிடிக்கிறவளுக்கு ஆஸ்பத்திரியிலை கட்டிலோ?”

“கட்டில் இல்லை, சீசாதான். ஆடாம இருங்க, துணி நழுவுது.”

மிச்சமிருந்தது ஒரே வழி. எறும்பு முட்டை என்று ஊரார் சொல்லும் வெள்ளைப் பொதி முட்டையே அல்ல. உள்ளே வளர்ந்த எறும்பு இருக்கிறது. பிறந்ததும் இவளைப் பார்க்கிற எறும்பு இவளைக் கடிக்காது. ஆனால் பொதியைக் கிழித்துவிட ஆள் வேண்டும். இல்லாவிட்டால் உள்ளேயே செத்துவிடும். கட்டெறும்புப் புற்றிலிருந்து முற்றிய பொதிகளாக மூன்று கொண்டுவந்திருந்தேன். முள்ளெடுக்கிற சாமணத்தை எடுத்தேன். குளிர்காய்ச்சல் விட்டு நாலு நாள்கூட ஆகாத கை நடுங்கியது. முதல் பொதியை நசுக்கிவிட்டேன்.

கிராணியார் எட்டிப் பார்த்தார். “கொண்டாரும் இங்கை.”

பொடி எழுத்து எழுதிப் பழகிய கை. கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு குனிந்து, பூதக்கண்ணாடி வழியே பார்த்து, மயிரிழை மயிரிழையாகக் கிழித்தார். வெளிறிய எறும்பு ஒன்று வந்தது. பிறகு இன்னொன்று. சீசாவில் விட்டோம். ராணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தன. கடிக்கவில்லை.

இரண்டு நாள் அவை சும்மா நின்றன. கிராணியார் ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக நடந்தார். வியாழக்கிழமை மத்தியானம் ஒன்று தேன் நீரைக் குடித்துவிட்டு, நேரே ராணியிடம் போய் வாயோடு வாய் வைத்தது.

“குடிக்கிறாள், காணும்,” என்றார் கிராணியார், பூதக்கண்ணாடியை விலக்காமலே.

இவள் யாரைப் போல என்று யோசிக்கிறவர்கள் வெளியே நின்று யோசியுங்கள். உள்ளே இவளுக்குச் சாப்பாட்டு நேரம்.