வால் வராத சொல்

என் நாத்தனார் வீட்டுக்காரர் எனக்கு அண்ணன் முறை. கல் பட்டறையில் அவருக்கு 'நில்லு' என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஆள் சரியான வாயாடி, வேலையும் வாயால்தான். கிரேனில் பலகைக்கல் தொங்கி வரும்போது கீழே நின்று, ஏற்று, இறக்கு என்று ஓட்டுபவனுக்குக் குரல் கொடுக்க வேண்டும்.

இறங்குகிற கல்லைச் சட்டத்தின்மேல் நேராக உட்கார வைப்பவர் என் வீட்டுக்காரர். கல் உட்காரும் இடத்தில் முதலில் கட்டைகள் வைக்க வேண்டும். "வெட்டி வேலை" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வைப்பார். அன்றைக்கும் அப்படித்தான் வைத்தார். கல் இறங்கும்போது சட்டத்தில் ஒரு சில்லு கிடப்பதைப் பார்த்து, எடுத்துவிடலாமென்று வலக்கையை உள்ளே விட்டுவிட்டார்.

அண்ணன் பார்த்துவிட்டார். "எறக்காத! எறக்காத!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அந்நேரம் பார்த்து அறுப்பு இயந்திரம் அலறியது. கிரேன்காரன் இறக்கிவிட்டான்.

கல் கட்டைமேல் உட்கார்ந்தது. கட்டை கொடுத்த சந்தில் கை தப்பியது. கையுறையின் நுனி மட்டும் கல்லுக்கடியில் சிக்கிக்கொள்ள, இவர் கையை உருவிக்கொண்டு தரையில் விழுந்தார்.

"எறக்காதன்னு கத்தறேன், காதுல என்னடா பஞ்சா?"

"எறக்குன்னுதாண்ணே கேட்டுச்சு. தலை வந்துச்சு, வாலு வரலியே!" கிரேன்காரன் அழுதேவிட்டான்.

அவன் மேல் என்ன குற்றம்? 'வேண்டாம்' என்பதை நாம் சொல்லின் வாலில்தானே கட்டித் தொங்கவிடுகிறோம். சத்தத்தில் வால் அறுந்தால் சொன்னதே தலைகீழ்.

இதெல்லாம் தெரியாமல் சாயங்காலம் நான் வீட்டுக்காரரை வாசலில் பிடித்துக்கொண்டேன்.

"இன்னொரு கையுறை எங்க? தொலைச்சாச்சா?"

"கல்லுக்கடியில இருக்கு."

"அப்ப கை?"

"இந்தா."

அந்தக் கையை வாங்கி ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தேன். எல்லாம் மடங்கின. பின்னாலேயே வந்த அண்ணன் சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, "தண்ணி குடு தங்கச்சி" என்றார். குடித்துவிட்டு நடந்ததைச் சொன்னார்.

மறுநாள் முதல் பட்டறையில் 'ஆதே' என்கிற வாலே செத்தது. தடுக்க வேண்டுமானால் ஒரே சொல், நில்லு. கூட்டுகிற பெண் சொன்னாலும் கிரேன் நிற்க வேண்டும். கல் ஆடினால் தள்ளக் கொம்பு, கை கிடையாது. அண்ணன் அந்தச் சொல்லை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சாப்பாடு போதுமென்றாலும் "நில்லு!"தான். நாத்தனாரின் கரண்டி அந்தரத்தில் நிற்கும். "கட்டின பொண்டாட்டியையும் கிரேனாக்கிட்டாரு" என்று சிரிப்பாள்.

மிஞ்சிய இடக்கை உறையை நான் எறியவில்லை. அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்க அதுதான். நேற்றும் இறக்கப் போனேன்.

"நில்லு!" என்றார் வீட்டுக்காரர். பாத்திரமும் கையுமாக நின்றேன்.

"கீழ கட்டை வெச்சியா?"

வைக்கவில்லைதான். அவரே வலக்கையால் எடுத்து வைத்தார்.

"ம், இப்ப எறக்கு."