இடது ஓரத்துப் பன்னிரண்டு புள்ளிகள்

என் தங்கையின் கணவனுக்கு இன்று இடது கண் அறவே தெரியாது. வலது கண்ணில் நடுப்பகுதியும் வலப்பக்கமும் மட்டும் மிச்சம். இதை எல்லோருக்கும் முன்னால் கண்டுபிடித்திருக்க வேண்டியவன் நான். பன்னிரண்டு தடவை தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்தவனும் நான்தான். என்ன எழுதுகிறேன் என்று தெரியாமல் எழுதினேன், அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரிந்த முட்டாள் யாராவது வேண்டுமென்றால் நான் லாரிகளுக்கு எடை போடுகிற எடைமேடைக்கு வாருங்கள், அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

அவன் தொழில் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பது. பெயின்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், எனக்கு மாப்பிள்ளை. முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, உள்ளே வராமல், வாசலில் நின்ற என் ஸ்கூட்டரைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான். "முன் மட்கார்டு கலர் ஒரிஜினல் இல்லையே. எங்கயோ இடிச்சிருக்கீங்க" என்றான். அந்த இடியைப் பற்றி நான் வீட்டில் மூச்சு விட்டிருக்கவில்லை. அப்பா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. என் தங்கை மட்டும் சிரித்தாள். கல்யாணம் அந்தச் சிரிப்பிலேயே முடிவாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

அப்படிப்பட்ட கண் அவனுக்கு. பட்டறையில் கலந்த நிறத்தை டியூப் லைட் வெளிச்சத்தில் நம்பவே மாட்டான். ஒரு தகரத் துண்டில் அடித்துக் காயவைத்து, வெயிலுக்கு எடுத்துக்கொண்டு போய், வண்டியோடு ஒட்டிவைத்துப் பார்ப்பான். ஒரு பொட்டு கறுப்பு கூடிவிட்டது என்பான். மற்றவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். திரும்பப் போய்க் கலப்பான். பட்டறை முதலாளி தலையில் அடித்துக்கொள்வார், ஆனால் வேறு ஆளிடம் வேலையைக் கொடுக்க மாட்டார்.

கார் ரேஸ் பைத்தியமும் நிறத்தில்தான் ஆரம்பித்தது. மஞ்சள் வண்டி ஓட்டுகிற அணி எதுவோ அதுதான் அவன் அணி. "மஞ்சள் அடியில இருக்கிறத மறைக்காது மச்சான். கீழ வெள்ளை சரியா விழலன்னா மூணு கோட்டு அடிச்சாலும் இளிக்கும். இவ்வளவு சுத்தமா அடிச்சிருக்கான் பாரு, அவன் ஆளு" என்பான். ஓட்டுகிறவனைப் பற்றி அப்புறம்தான் பேச்சு. நான் நீல வண்டி. என்ன காரணம் என்று கேட்டால், அவன் மஞ்சள் என்பதுதான் காரணம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எடைமேடைக்கு லாரி வராது. ஆபீசுக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது. பழைய எடைச்சீட்டுக் கட்டுகள், ஒரு மேசை, ஒரு டிவி. அங்கே நாங்கள் நாலு பேர் கூடுவோம். நான், மாப்பிள்ளை, டிரைவிங் ஸ்கூல் வாத்தியார், பேக்கரிக்காரர். வாத்தியார் வாரம் முழுக்க "மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் "போடா, மிதிடா" என்று கத்துகிறவர். பேக்கரிக்காரர் யார் ஜெயித்தாலும் தட்டு நிறைய பன் கொண்டுவருவார்.

ரேஸ் ஒன்றரை மணி நேரம் என்றால் சண்டை மூன்று மணி நேரம். வண்டி வெள்ளைக் கோட்டைத் தாண்டியதா, பக்கத்து வண்டிக்கு இடம் விட்டானா, நடுவர்கள் கொடுத்த ஐந்து வினாடித் தண்டனை நியாயமா, போன வாரம் இதே தப்புக்கு அந்த இன்னொருவனை ஏன் விட்டார்கள். ஒவ்வொருவனும் தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பான். ஒரு ஞாயிறு பேக்கரிக்காரர் கோபத்தில் பன் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டே போய்விட்டார். அதற்குப் பிறகுதான் நான் ஒரு சட்டம் கொண்டுவந்தேன்.

ரேஸ் உலகத்தில் தப்புச் செய்கிற ஓட்டுநருக்குத் தண்டனைப் புள்ளி உண்டு. ஒரு வருஷத்தில் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு ரேஸ் வெளியே. ஒரு வருஷம் ஆன புள்ளி தானாகக் கழியும். அதையே அறைக்குள் வைத்தேன். ரீப்ளேயில் பொய் என்று தெரிந்த பிறகும் ஒருவன் சாதித்தால் ஒரு புள்ளி. பன்னிரண்டு ஆனால் ஒரு ரேஸுக்கு அறைக்குள் வரக்கூடாது. லாரி நம்பர் எழுதுகிற வெள்ளைப் பலகையில் நாலு கட்டம் போட்டேன். மாப்பிள்ளை ஆயிற்றே என்று மரியாதைக்கு அவன் பேரை முதலில், இடது ஓரத்தில் எழுதினேன். கடைசிக் கட்டம் என்னுடையது. புள்ளி போடுகிறவனும் நானே என்பதால் அதில் ஒரு புள்ளிகூட விழவில்லை என்று நினைக்காதீர்கள். நான் பொய் சொன்னதில்லை. எடைமேடையில் லாரிக்காரர்கள் கெஞ்சியிருக்கிறார்கள், மிரட்டியிருக்கிறார்கள். ஒரு கிலோ கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை. நேர்மை எனக்கு ஒரு திமிராகவே ஆகிப்போயிருந்தது.

முதல் இரண்டு மாதம் மற்ற மூன்று பேருக்கும் ஒன்று இரண்டு விழுந்தது. பிறகு மாப்பிள்ளைக்கு மட்டும் விழ ஆரம்பித்தது. வளைவில் மஞ்சள் வண்டி நீலத்தின் மேல் ஏறும். "நீலம் எங்க இருந்துச்சு? அங்க வண்டியே இல்ல" என்பான். ரீப்ளேயில் நீலம் இடது பக்கத்தில் பூதம் மாதிரி நிற்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறானே என்று எனக்கு ஆத்திரம் வரும். பலகையில் ஒரு புள்ளி, நோட்டில் ஒரு வரி. தேதி, எத்தனையாவது சுற்று, எந்த வளைவு, இவன் என்ன சொன்னான். நியாயம் என்றால் பதிவு வேண்டும் அல்லவா.

ஒரு தடவை தங்கை போனில் சொன்னாள். "அண்ணே, இவரு அடிக்கடி கதவு நிலையில இடிச்சுக்கிறாரு. நேத்து மேசை மேல இருந்த டம்ளரத் தட்டி விட்டுட்டாரு. கவனமே இல்ல."

"பெயின்ட் வாசனை தலைக்கு ஏறியிருக்கும். ஒரு நாள் லீவு போடச் சொல்லு" என்றேன். அன்றைக்குப் பலகையில் அவன் கணக்கு எட்டு.

பன்னிரண்டாவது விழுந்த நாள். கடைசிச் சுற்று. மஞ்சள் வண்டி நீலத்தை முந்தி முதலாவதாக வந்துவிட்டது. மாப்பிள்ளை நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டான். ஐந்து நிமிஷம் கழித்து நடுவர்கள் அறிவித்தார்கள்: முந்தியபோது நாலு சக்கரமும் கோட்டுக்கு வெளியே, ஐந்து வினாடி தண்டனை, மஞ்சளுக்கு மூன்றாம் இடம்.

"அநியாயம்" என்று கத்தினான். "கோட்டுக்குள்ளதான் இருந்துச்சு. சக்கரத்துக்கு வெளிய கோடே இல்ல, எங்க தாண்டுறது?"

ரீப்ளே மூன்று முறை ஓடியது. இடது ஓரத்தில் கோடு, அதற்கும் வெளியே புல், புல்லின் மேல் சக்கரம். வாத்தியாரே, அவரும் மஞ்சள்தான், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளை மட்டும், "எனக்குத் தெரியல. நெசமாவே தெரியல மச்சான்" என்றான்.

தெரியல என்றான். நாலு பேர் காதிலும் விழ, அந்த வார்த்தையையே சொன்னான். நான் எழுந்து போய்ப் பலகையில் புள்ளி வைத்தேன். "பன்னெண்டு ஆச்சு. அடுத்த ரேஸுக்கு வராத. வந்து எண்ணிப் பாத்துக்கோ" என்றேன்.

அவன் எழுந்து வந்து பலகைக்கு நேராக நின்றான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, குழந்தை மாதிரி கேட்டான். "இதுல என் பேரே இல்லையே மச்சான்?"

வாத்தியார் கொல்லென்று சிரித்தார். பேக்கரிக்காரரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, எனக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறிவிட்டது. "தோத்தா ஒத்துக்கிற புத்தி வேணும். நக்கல் வேற. உன்ன மாதிரி பொய்யனுக்குத்தான் என் தங்கச்சியக் குடுத்தோமா?" என்றேன். இந்தக் கடைசி வாக்கியம் எங்கே இருந்து வந்தது என்று தெரியவில்லை. கார் ரேஸுக்கும் என் தங்கைக்கும் என்ன சம்பந்தம். ஆனால் வந்துவிட்டது.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். போகும்போது இடது தோள் கதவு நிலையில் நன்றாக இடித்தது. கோபத்தில் போகிறான் என்று நினைத்தோம்.

தடை ஒரு ரேஸுக்குத்தான். அதற்கு அடுத்து ரேஸ்களுக்கே ஒரு மாத விடுமுறை. அவனும் வரவில்லை, நானும் போகவில்லை. தப்புச் செய்தவன்தான் முதலில் வரவேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அந்த ஒன்றரை மாதத்தில் பட்டறையில் ஒரு வேனின் கதவில் இடது ஓரம் ஒரு சாண் அகலத்துக்கு அடிக்காமலே விட்டிருக்கிறான். அடியில் பூசிய சாம்பல் நிறம் அப்படியே தெரிந்திருக்கிறது. ஒரு பொட்டு கறுப்பு கூடினால் திரும்பக் கலக்கிறவன், ஒரு சாண் இடத்தை விட்டிருக்கிறான். முதலாளி திட்டவில்லை; கையிலிருந்த பெயின்ட் துப்பாக்கியை வாங்கி வைத்துவிட்டு, என் தங்கைக்குப் போன் செய்தார்.

கண் நீர் அழுத்த நோய் என்றார் டாக்டர். வலிக்காது, சிவக்காது, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வரும், ஆளுக்கே தெரியாது என்றார். போனது போனதுதான், மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம். "எவ்வளவு நாளா இப்படி?" என்று கேட்டார். தங்கை தனக்குத் தெரியாது என்றாள். மாப்பிள்ளையும் தெரியாது என்றான். நான் நடைபாதையில் நின்றிருந்தேன், எனக்கும் தெரியாது என்றுதான் நினைத்தேன்.

எடைமேடைக்குத் திரும்பி வந்து நோட்டை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. பன்னிரண்டு வரி. முதல் வரி பதினோரு மாதத்துக்கு முந்தையது. "நீலம் இடது பக்கம் இருந்ததை இல்லை என்றான்." அடுத்தது, "இடது ஓரக் கோட்டை மறுத்தான்." அடுத்ததும் இடது. பன்னிரண்டிலும் இடது. வலது பக்கம் நடந்த எதிலும் அவன் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொல்லியிருக்கவில்லை. என் கையெழுத்து அழகாக, கோடு போட்டது போல இருந்தது.

மறுநாள் நோட்டோடு டாக்டரிடம் போய்க் காட்டினேன். அவர் இரண்டு பக்கம் படித்துவிட்டு மூடி வைத்தார். "முதல் வரி எழுதினப்பவே கூட்டிட்டு வந்திருந்தா வலது கண்ணு முழுசா இருந்திருக்கும்" என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊரில் சர்வ சாதாரணமாகச் சொல்வார்கள். எங்கள் குடும்பத்தில் அதை இப்போது யாரும் சொல்வதில்லை.

தங்கையிடம் மறைக்கக்கூடாது என்று அவளிடமும் நோட்டைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். "உனக்குக் கண்ணு நல்லாத்தானே அண்ணே இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

இப்போது அவன் பட்டறையில் நிறம் மட்டும் கலக்கிறான். வெயிலில் தகரத்தை வைத்துப் பார்ப்பதற்கு மிச்சமிருக்கிற கண் போதும். துப்பாக்கி வேறு ஆள் கையில். அவன் கலந்த நிறத்தை அந்த ஆள் திட்டுத் திட்டாக அடிக்கும்போது, சத்தத்தை வைத்தே தெரிகிறது, நெஞ்சு அறுக்கிறது என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிறு அவனே வந்தான், தங்கை கையைப் பிடித்துக்கொண்டு. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "ரேஸ் ஆரம்பிச்சுருச்சு மச்சான், ஒக்காரு" என்றான். அவனை இடது கோடி நாற்காலியில் உட்கார வைத்தோம், டிவி வலப்பக்கம் விழும்படி. தங்கையும் உட்கார்ந்தாள். பேக்கரிக்காரர் பன்னை அவன் வலது கையில் கொடுத்தார். எல்லோரும் அளவுக்கு மேல் மெதுவாகப் பேசினோம்.

முடிவதற்கு இரண்டு சுற்று இருக்கும்போது மஞ்சளும் நீலமும் அருகருகே வளைவுக்குள் போயின. மஞ்சள் இடது ஓரத்தில் கோட்டைத் தாண்டிப் புல்லில் ஏறி முந்தியது. பட்டப்பகல் மாதிரி தெரிந்தது.

"தாண்டுனானா மச்சான்?" என்று கேட்டான். "வண்டி ஓடுற வேகத்துக்கு எனக்குப் பிடிபடல."

வாத்தியார் என்னைப் பார்த்தார். தங்கை என்னைப் பார்த்தாள்.

"இல்ல மாப்ள. உள்ளதான் இருந்தான்" என்றேன்.

அவன் பன்னை மேசையில் வைத்தான். "உள்ள இருந்திருந்தா வாத்தியார் கூரையப் பிச்சிருப்பாரு. ஒருத்தரும் மூச்சு விடல" என்றான். பிறகு தணிந்த குரலில் சொன்னான். "நான் பொய் சொல்றேன்னு நீ தப்பா நெனச்ச. அது பரவால்ல, எனக்கே தெரியாது. இனிமே நீயும் பொய் சொன்னா நான் யார்கிட்டப் போய்க் கேப்பேன் மச்சான்?"

என் கண் பலகைப் பக்கம் போனது.

"போ. சட்டம் நீ போட்டதுதானே" என்றான். "உன் பேருல ஒண்ணு வை."

எழுந்து போய்ப் பலகையில் கடைசிக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தேன். அவன் எழுந்து வந்து பக்கத்தில் நின்றான். மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்தபடி தலையை முழுக்க இடது பக்கம் திருப்பி, அங்கிருந்து கட்டம் கட்டமாக வலது பக்கம் வந்தான். தன் பேரில் கொஞ்ச நேரம் நின்றான். பன்னிரண்டையும் நான் அழிக்காமல் வைத்திருந்தேன். ஒரு வருஷம் தாண்டியவற்றைக்கூட. விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினான்.

"இருக்கு மச்சான்" என்றான். "என் பேரு இருக்கு."