நான் குடித்துக் காட்டிய தண்ணீர்

கெட்ட தண்ணீர் என்று தெரிந்தே அதைக் குடித்துக் காட்டி, ஒரு லயத்துச் சனத்தை நம்ப வைத்தவன் நான். அதனால் ஒரு பிள்ளை செத்தது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் திருகோணமலைத் துறைமுக வேலைத்தளத்தில் கூலியாட்களை மேய்க்கும் ஓவசியராக இருந்தேன். விமானங்கள் வந்து குண்டு போட்ட பிறகு, கூலியாட்கள் குடும்பத்தோடு குடியிருந்த லயத்தருகே பதுங்குகுழி வெட்டும்படி உத்தரவு வந்தது. எங்கும் பாறை. கக்கூசுக்கும் கிணற்றுக்கும் நடுவில் மட்டும் மண் இளகியிருந்தது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அங்கேயே வெட்டுவித்தேன்.

மாரி மழையில் கக்கூசு நிரம்பிக் குழிக்குள் வழிந்தது. குழியிலிருந்து கிணற்றுக்கு ஊறியது. குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் கண்டது. முதலில் ஒரு கைக்குழந்தை செத்தது. மறு கிழமை இன்னொன்று. காலையில் வாசல் படலையைத் திறக்கும்போது, லயத்திலிருந்து ஒப்பாரி கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். காரணம் எனக்கு விளங்கிவிட்டது. வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்ற பயத்தில் பேசாமல் இருந்தேன்.

ஒருநாள் இறக்கக்கண்டியிலிருந்து கூலிக்கு வந்திருந்த ஒருவனின் மனைவி செம்பில் தண்ணீரோடு என் முன்னால் வந்து நின்றாள். அவளுடைய மகன் அப்போது லயத்தில் வயிற்றோட்டத்தோடு சுருண்டு படுத்திருந்தான்.

“ஓவசியர் ஐயா, தண்ணி ஒரு மாதிரி மணக்குது.”

“புது மழைத் தண்ணி அப்பிடித்தான்.”

“அப்ப நீங்கள் ஒரு மிடறு குடியுங்கோவன், பாப்பம்.”

“ஐயாவுக்கு வெள்ளைக்காரன்ர சோடாதான் ஒத்துக்கொள்ளும், அக்கா!” என்றான் பின்னாலிருந்து ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

செம்பை வாங்கி முழுவதையும் குடித்தேன். சிரிப்பு அடங்கியது. “ஐயாவே குடிச்சிட்டார்” என்று சொல்லிக்கொண்டு பெண்கள் கிணற்றடிக்குப் போனார்கள். நான் களஞ்சியத்தின் பின்புறம் போய், தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுத்தேன்.

அதே தண்ணீரைக் குடித்து வந்த அவளுடைய மகன் இரண்டு நாளில் இறந்தான். அன்றே எஞ்சினியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வாய்க்கு வந்தபடி திட்டினார். ஆள் பஞ்சமான காலம் என்பதால் என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. கிணற்றை மூடி, கப்பல்களுக்குப் போகும் குழாயிலிருந்து லயத்துக்கு ஒரு கிளை இழுக்கச் செய்தார். சாவு குறைந்தது.

பிறகு அவளிடம் போய், வாந்தி எடுத்ததையும் மறைக்காமல் சொன்னேன்.

“உங்கட உயிரைக் காப்பாத்தத் தெரிஞ்சிருக்கு” என்றாள். “என்ர பிள்ளையையும் சத்தி எடுக்கச் சொல்லியிருக்கலாமே, ஐயா.”

அந்தக் கிழமையே குடும்பத்தோடு ஊருக்குப் புறப்பட்டாள். இடுப்பில் இருந்த சின்ன மகள் தண்ணீர் கேட்டு அழுதாள். நான் ஓடிப்போய்ப் புதுக் குழாயில் ஒரு தகரப் பேணி நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினேன்.

“வேண்டாம். போற வழியில, நிலாவெளியில ஆரிட்டயும் வாங்கிக் குடுப்பம்.”

குழந்தை பேணியை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. அவள் அதன் கையைப் பிடித்து மடக்கிக்கொண்டு நடந்தாள்.